கழற்றிப் பூட்டிய காலம்

முப்பது வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் .22 ரைஃபிளில் இலக்குச் சுட்டவர்களில், கையில் காசு குறைந்தவர்கள்தான் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டினார்கள். வசதி உள்ளவர்கள் ஜெர்மனியில் உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் கம்பெனியின் போட்டித் துப்பாக்கியை வாங்கினார்கள், சுட்டார்கள், எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். இன்று நிலைமை நேர் எதிர். ஆலையிலேயே போட்டிக்கென்று செய்த ரைஃபிள் சம்பளக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வந்துவிட்டது. சாதாரண ரைஃபிளை வாங்கி அதன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் காசு உள்ளவர்களின் ஆசையாகியிருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரே கிளப்பில் இருந்தபடி இந்த மாற்றத்தை முழுக்கப் பார்த்திருக்கிறேன். எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் மாறிவிட்டது. ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு கடன் இருக்கிறது. கடனைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நான் முதன்முதலில் சுட்டது கோயம்புத்தூரில், என்.சி.சி. மாணவனாக. இருபத்தைந்து கஜ தூரம், தரையில் படுத்த நிலை, கையில் போல்ட் இழுத்துச் சுடும் பழைய .22. திருகாணி எதிலும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். சுட்டு முடித்து, குண்டுகள் விழுந்த குரூப்பிங் பார்த்து, குழலைத் துடைத்து, கோத் என்ற ஆயுத அறையில் எண் சரிபார்த்து ஒப்படைத்துவிட வேண்டும். இந்தியச் சட்டத்துக்குப் பொருந்திய பாடம்தான் அது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும். பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் அதற்கென்று உரிமம் பெற்ற தொழிலாளியின் வேலை. அதனால்தான் இந்தியாவில் .22 போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு வீட்டில் பேரல் மாற்றும் பழக்கமே கிடையாது. ஆலையில் செய்த போட்டித் துப்பாக்கி வேண்டும், அதை இறக்குமதி செய்யும் தகுதியை முதலில் மதிப்பெண்ணால் சம்பாதிக்க வேண்டும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியபோது, அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதே சின்னத் தோட்டாதான். இந்தியப் பிள்ளைகள் எவ்வளவு நெருக்கடியான பாதையில் அங்கே போய்ச் சேருகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பதக்கத்தின் கனம் புரியும்.

அமெரிக்காவில் சட்டம் வேறு இடத்தில் கோடு போட்டது. வரிசை எண் பொறித்த ரிசீவர் என்ற நடு உடல் மட்டும்தான் இங்கே சட்டப்படி துப்பாக்கி. பேரல், ட்ரிகர் பாகங்கள், மரக்கட்டை, போல்ட் எல்லாம் சாதாரணச் சாமான்கள், தபாலில் வீட்டுக்கு வரும். ஜெர்மனியில் பேரலும் பதிவுக்கு உட்பட்ட முக்கியப் பாகம். இந்த ஒரு வேறுபாடு இரண்டு நாட்டுச் சுடும் பழக்கங்களையே பிரித்துப் போட்டது. ஜெர்மன்காரர்கள் முழுத் துப்பாக்கி செய்வதில் தேர்ந்தார்கள். அமெரிக்கர்கள் பாகம் செய்வதிலும் பாகம் மாற்றுவதிலும் தேர்ந்தார்கள். கோவைப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்து, இங்கே ஒரு மெஷின் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு இரண்டாவது வழி பிடித்துப்போனதில் வியப்பில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்ததும், கிளப் உறுப்பினர்கள் அத்தனை பேரிடமும் இருந்த ரூகர் 10/22-ஐ நானும் வாங்கினேன்.

டென் டுவென்ட்டி டூ என்று சொல்லப்படும் இந்த ரைஃபிளை ஸ்டர்ம் ரூகர் கம்பெனி 1964-இல் கொண்டுவந்தது. பத்துத் தோட்டா மேகஸின், .22 தோட்டா, அதுதான் பெயர். மேகஸினுக்குள் தோட்டாக்கள் வட்டமாக அடுக்கி நிற்பதால் அது கட்டைக்கு வெளியே நீட்டாமல் உள்ளேயே அடங்கிவிடும். இதுவரை ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனால் இதன் கதையை எழுதியது மேகஸின் அல்ல, பேரலைப் பொருத்திய முறை. நல்ல ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் பேரலை மரையிட்டு ரிசீவருக்குள் முறுக்கியிருப்பார்கள். கழற்றப் பெரிய பிடிப்புச் சட்டமும் பழகிய கையும் வேண்டும். 10/22-இல் பேரலைச் சொருகி, அடியில் வி வடிவக் கட்டை ஒன்றை வைத்து, இரண்டே திருகாணியால் பின்னுக்கு இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு ஆலன் சாவி போதும், சமையலறை மேஜையிலேயே பேரல் தனியே வந்துவிடும். ட்ரிகர் பெட்டியும் அப்படித்தான், இரண்டு குறுக்கு ஊசிகளைத் தட்டினால் முழுசாகக் கீழே இறங்கும். இதைச் செய்தவர்கள் உற்பத்திச் செலவைக் குறைக்கத்தான் இப்படி அமைத்தார்கள். மலிவுக்காக வைத்த அந்த இரண்டு திருகாணிகளைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. அயோவாவில் கேரல் என்ற சின்ன ஊரில் வோல்க்வார்ட்சன் குடும்பம் ட்ரிகர் பாகங்களும் பேரல்களும் செய்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கிரீன் மவுண்டன் பேரல் செய்தது. பாகங்கள் விற்கும் பிரவுனெல்ஸ் வருஷா வருஷம் அனுப்பும் கனத்த விலைப்பட்டியலை நாங்கள் தீபாவளி மலர் மாதிரி எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

அன்றைக்கு 10/22 இருநூறு டாலருக்குள் கிடைத்தது. அன்ஷூட்ஸ் போட்டி ரைஃபிள் அதைப்போல் பத்து மடங்கை ஒட்டி இருந்தது. பத்து மடங்கில் ஒன்றிரண்டு மடங்கு செலவழித்து அந்த உயரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும் என்பதுதான் எங்கள் முயற்சி.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். மோட்டார் உதிரிபாக ஆலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்கால லீக் போட்டிகள் உள்ளரங்கத்தில் ஐம்பது அடி தூரத்தில் நடக்கும். ஒரே தாளில் பதினொரு வட்டங்கள் அச்சிட்ட ஏ-17 என்ற இலக்குத் தாள். போட்டி முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கப் போனபின் அவர் மட்டும் பின்னறையில் வைஸ் முன்னால் நிற்பார். யாருடைய துப்பாக்கியையும் தானாகக் கழற்றித் தர மாட்டார். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார், செய்ய வேண்டியது உடையவர்தான். அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் ட்ரிகர், பிறகு பேரல், பிறகு மரக்கட்டை. வரிசையை மாற்ற யாரையும் விட்டதில்லை.

ட்ரிகர் ஏன் முதலில் என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் சரி. ஆலையிலிருந்து வந்த நிலையில் 10/22-இன் ட்ரிகரை இழுக்க ஆறு பவுண்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடையே ஐந்து பவுண்டுதான். தன் எடையைவிட அதிக அழுத்தத்தில் இழுபடும் துப்பாக்கி, எவ்வளவு திடமான கையிலும் கடைசி நொடியில் அசையும். அதோடு .22 குண்டு மெதுவாகப் போவது. ராணுவ ரைஃபிள் குண்டின் வேகத்தில் பாதிகூட இருக்காது. ட்ரிகர் விடுபட்டு, சுத்தி விழுந்து, குண்டு பேரல் முழுக்க நகர்ந்து வெளியேறும் வரை துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். பேரல் எவ்வளவு நல்லதானாலும் கை ஆடினால் பயனில்லை. சுத்தியும் அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் உரசும் விளிம்பில் தட்டையான எண்ணெய்க்கல்லை வைத்து, கோணம் மாறாமல், மினுமினுக்கும் வரை தேய்க்க அவர் கற்றுக்கொடுத்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். அந்த விளிம்பில் அளவுக்கு மீறித் தேய்த்தால் துப்பாக்கி தட்டினாலே வெடிக்கும். தேய்த்து முடித்ததும் தோட்டா இல்லாமல் மரக்கட்டையின் அடியைத் தரையில் தட்டிச் சோதிக்காத துப்பாக்கியை அவர் சுடும் வரிசைக்கு விட மாட்டார்.

பேரல் மாற்றும்போதுதான் அந்த இரண்டு திருகாணிகளின் குணம் தெரிந்தது. எல்லாரும் விரும்பிய கனத்த பேரல் 0.920 அங்குல விட்டம், முனை வரை ஒரே பருமன். முன்னால் இவ்வளவு எஃகு தொங்கும்போது, வி கட்டையின் பிடி மட்டும் அதைத் தாங்க முடியாது. கையை நீட்டி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் தோள் மெல்ல இறங்குமே, அப்படிப் பேரலின் வேர் ரிசீவருக்குள் ஒரு இம்மி சாயும். ரிசீவர் அலுமினியம். மரக்கட்டையோடு அதைச் சேர்ப்பது முன்பக்கத்தில் ஒரே ஒரு திருகாணி. சூடானால் ஒரு இடம், குளிர்ந்தால் ஒரு இடம் என்று குரூப் நகரும். பெரியவர் டயல் கேஜை வைத்து இந்தச் சாய்வை எனக்குக் காட்டினார். கோவைப் பட்டறைகளில் தௌ என்று சொல்வோமே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்த அளவில் ஊசி நகர்ந்தது. ரிசீவருக்கு உட்காரும் இடத்தில் அக்ராகிளாஸ் என்ற பிசினை ஊற்றி, உலோகத்தின் வடிவத்துக்கு அச்சாகப் படுக்கை செய்தோம். பேரலின் முதல் ஒன்றிரண்டு அங்குலத்தை மட்டும் அந்தப் படுக்கையில் தாங்கவிட்டு, மிச்ச நீளம் முழுக்கக் கட்டையைத் தொடாமல் மிதக்கவிட்டோம். உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, மரக்கட்டையின் வாய்க்காலை அகலப்படுத்தினோம். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு தடையில்லாமல் கடைசி வரை ஓடினால் வேலை முடிந்தது.

தோட்டா உட்காரும் அறையான சாம்பர் விஷயமும் அங்கேதான் விளங்கியது. எந்தக் கடைத் தோட்டாவைப் போட்டாலும் சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சாதாரண ரைஃபிளில் சாம்பரைத் தளர்வாகவே குடைந்திருப்பார்கள். போட்டி ரைஃபிளில் அது இறுக்கம். தோட்டாவை முழுசாக உள்ளே தள்ளும்போதே ஈயக்குண்டின் தோளில் பேரலின் வரிகள் மெல்லப் பதியும். குண்டு எப்போதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நேர்கோட்டில் புறப்படும். அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் 10/22 போன்ற தானியங்கியில் அவ்வளவு இறுக்கம் வைத்தால் சுடாத தோட்டாவை வெளியே எடுப்பதே பாடாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் பென்ட்ஸ் என்ற அளவில் ஒரு சாம்பர் உண்டு. பாகம் மாற்றுகிறவர்கள் கேட்டு வாங்கியது அதைத்தான்.

இன்னொரு வேலை உண்டு. 10/22-இன் ரிசீவருக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். அதனால் சுத்தம் செய்யும் கம்பியைப் பேரலின் வாய்ப்பக்கமிருந்துதான் விட வேண்டும். குண்டு விட்டுப் பிரியும் கடைசி விளிம்பு அது. கம்பி அங்கே உரசி உரசித் தேய்த்தால் துல்லியம் போகும். எங்கள் கிளப்பில் அந்த மூடிய முதுகில் கால் அங்குலத் துளை போட்டோம். பேரலின் அச்சுக்கு நேர்கோட்டில் துளை விழுந்தால் கம்பி பின்னாலிருந்து நேராகப் போகும். ஒஹாயோவில் மட்டும் இல்லை, நாடு முழுக்க வீட்டுப் பட்டறைகளில் இதே துளையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பாடும் .22 போல விளிம்பில் பற்றும் ரிம்ஃபயர் தோட்டாவுக்கே உரியது என்பதை ஊரிலிருந்து வந்த நண்பர்களுக்கு விளக்க நான் மிகவும் பிரயத்தனப்பட்டிருக்கிறேன். பெரிய ரைஃபிள் சுடுகிறவர் வெற்றுக் கூட்டை எடுத்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவையே செய்துகொள்ள முடியும். .22 தோட்டாவில் பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கிறது. சுத்தி அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஒருமுறை நசுங்கியது அதோடு முடிந்தது. 1887-இல் இந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா வந்ததிலிருந்து இதுதான் விதி. தோட்டாவில் கை வைக்க முடியாதவர்களுக்குத் துப்பாக்கியில் மட்டும்தான் கை வைக்க முடியும். அதனால்தான் இவ்வளவு சின்னத் துப்பாக்கிக்கு இவ்வளவு பெரிய பட்டறை வளர்ந்தது.

தோட்டாவைச் செய்ய முடியாது, தேர்ந்தெடுக்க முடியும். அதிவேகத் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, போகும் வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும். போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 1,050 அடி, 1,080 அடி என்று ஒலிக்குக் கீழேயே புறப்படும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் ஈலி செய்யும் டெனெக்ஸ் தோட்டாப் பெட்டியில், அது எந்தத் தொகுப்பில் (லாட்) செய்யப்பட்டதோ அதன் எண்ணும் வேகமும் அச்சிட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே ஆலை. ஆனாலும் ஒரு தொகுப்பு உங்கள் பேரலில் ஒற்றைத் துளை போடும், அடுத்த தொகுப்பு பரவும். எந்தத் தொகுப்பு எந்தப் பேரலுக்கு இசையும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது ஒஹாயோவிலேயே மரெங்கோ என்ற ஊரில் தோட்டா செய்யும் லாப்புவா கம்பெனியின் சோதனை நிலையம் இருக்கிறது. உங்கள் துப்பாக்கியைப் பிடிப்பானில் பூட்டி, தொகுப்பு தொகுப்பாகச் சுட்டு, 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் அளந்து காட்டுவார்கள். முன்பு நாங்கள் ஒரே தொகுப்பில் ஆளுக்கு ஒரு பெட்டி பங்கு போட்டுச் சுட்டுப் பார்த்து, யாருடைய பேரலுக்குப் பிடிக்கிறதோ அவர் மிச்சத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். 2012-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய தட்டுப்பாட்டில் கடைகளில் .22 பெட்டிகளே காணாமல்போனபோது எங்களைக் காப்பாற்றியது அந்தப் பங்கு போடும் பழக்கம்தான்.

ஆலைகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தன. 90-களின் நடுவிலேயே ரூகர் கனத்த பேரலும் ஒட்டுமரக் கட்டையும் வைத்து 10/22-க்கு ஒரு டார்கெட் மாடலை இறக்கியது. பேரலும் கட்டையும் நன்றாக இருக்கின்றன, படுக்கை அதே ஒற்றைத் திருகாணியில்தான் நிற்கிறது என்று எங்கள் பெரியவர் சொன்னார். ட்ரிகரை முழுப்பெட்டியாக மாற்றிக்கொள்ளப் பி.எக்ஸ். என்ற பெயரில் கம்பெனியே பின்னாளில் தயாரித்து விற்றது. இரண்டரைக்கும் மூன்று பவுண்டுக்கும் நடுவில் இழுபடும், ஐந்து நிமிஷ வேலை, எண்ணெய்க்கல் வேண்டியதில்லை. அதன் பிறகு வந்தது 10/22 காம்பெட்டிஷன் மாடல். அதன் விவரப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கனத்த பேரல். பென்ட்ஸ் சாம்பர். மெருகேற்றிய ட்ரிகர். ரிசீவரின் பின்பக்கம் மரக்கட்டையோடு சேரும் இரண்டாவது தாங்கு. முதுகில், பேரலின் அச்சில், சுத்தம் செய்யும் கம்பிக்கு ஒரு துளை. எங்கள் பின்னறையில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்த குறைகள் அத்தனைக்கும் தீர்வு ஒரே பெட்டியில், ஒரே உத்தரவாதச் சீட்டோடு வந்துவிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான வீட்டு மேஜைகளில் நடந்த வேலையின் மொத்தக் கணக்கு அது. முதலில் நான் சொன்ன கடன் இதுதான்.

போல்ட் ரைஃபிள்களிலும் இதே கதை நடந்தது. செக் நாட்டில் உஹெர்ஸ்கி ப்ரோட் ஊரிலிருந்து வரும் சி.இசட். கம்பெனி, 455 மாடலிலும் அதற்குப் பிறகு 457 மாடலிலும் வீட்டிலேயே ஆலன் சாவியால் பேரல் மாற்றும்படி செய்துவிட்டது. 457-இல் எம்.டி.ஆர். என்ற போட்டி மாடலுக்கு இறுக்கமான சாம்பரும் கனத்த பேரலும் திருத்திக்கொள்ளக்கூடிய ட்ரிகரும் ஆலையிலேயே வருகின்றன. பின்லாந்திலிருந்து டிக்கா, ஸ்பெயினிலிருந்து பெர்காரா என்று மற்றவர்களும் வந்தார்கள். எல்லாம் ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில், சில கடைகளில் அதற்கும் குறைவாக. இப்போது கணக்குப் பாருங்கள். சாதாரண 10/22, நல்ல பேரல், இரண்டு கட்ட ட்ரிகர், போல்ட், கட்டை என்று ஒருவர் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அப்படிச் சேர்த்தவர்களில் பலர் இன்று வைஸைத் தொட்டவர்கள்கூட இல்லை. பாகங்கள் தாமாகவே பொருந்தும்படி வருகின்றன. கையால் பொருத்தும் வேலை போய்விட்டது, செலவு மட்டும் மிஞ்சிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

போன வருஷம் எங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர் தன் மகளைக் கிளப்பின் ஜூனியர் வகுப்பில் சேர்த்தார். அவள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. சேர்த்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, டென் டுவென்ட்டி டூ ஒண்ணு வாங்கிட்டு மெதுவா பார்ட்ஸ் மாத்திக்கலாமா? இல்ல ஒரேயடியா டார்கெட் மாடலே வாங்கிடட்டுமா?”

“ஒரேயடியா வாங்கிடுங்க தம்பி” என்றேன். “மிச்சப்படுற காசுக்குத் தோட்டா வாங்கிக் குடுங்க. ஒரே தொகுப்புல வாங்குங்க.”

“நீங்க அப்படிச் செய்யலையே அண்ணா?”

“அப்போ வாங்க முடியலை, செஞ்சுக்கிட்டோம். பாப்பாவுக்கு இப்போ வேண்டியது சுடுற நேரம். வைஸ் முன்னால நிக்கற நேரம் பிறகு வரட்டும்.”

இந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் இல்லை. புதிதாகச் சுடக் கற்கும் பிள்ளை, எட்டு மதிப்பெண் வளையத்தில் ஒரு குண்டு விழுந்தால், அது தன் மூச்சா, தன் விரலா, துப்பாக்கியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பற்றிய சந்தேகம் இல்லாவிட்டால்தான் தன்னை அவள் திருத்திக்கொள்ள முடியும். நாங்கள் கழற்றிப் பூட்டிய காலத்தில் அந்தத் தெளிவு வர எங்களுக்கு வருஷங்கள் ஆயின. ஆலையில் செய்த போட்டி ரைஃபிள் அந்த வருஷங்களை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அவள் எம்.டி.ஆர். வாங்கினாள். குளிர்கால லீக்கில் அவளுடைய தாள்களைப் பார்த்தபோது என் பதில் சரிதான் என்று தெரிந்தது. நிற்கும் நிலையில் மட்டும் இன்னும் ஆட்டம் இருக்கிறது. அது துப்பாக்கியால் தீராது.

ஆனால் கோடையில் அவள் கேம்ப் பெர்ரிக்குப் போக வேண்டும் என்றாள். ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் மைதானம் அது. அங்கே சி.எம்.பி. என்ற அமைப்பு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டி சாதாரண .22 ரைஃபிள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கென்று வைத்தது. 25 கஜத்திலும் 50 கஜத்திலும், படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் சுட வேண்டும், மெதுவாக ஒரு சுற்று, வேகமாக ஒரு சுற்று. வேகச் சுற்றில் ஐந்து குண்டுக்குத் தானியங்கிக்கு 25 நொடி, போல்ட் இழுப்பதற்கு 30 நொடி. துப்பாக்கியின் எடை குறிபார்க்கும் கருவியோடு சேர்த்து ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது. ட்ரிகர் மூன்று பவுண்டுக்குக் குறையவும் கூடாது. எம்.டி.ஆர். ரைஃபிள் தொலைநோக்கி இல்லாமலே அந்த எல்லையில் நிற்கிறது. தொலைநோக்கியோடு எடைபோட்டால் வெளியே போய்விடும். விலை கொடுத்து வாங்கிய போட்டித் துப்பாக்கிக்கு அந்தப் போட்டியில் இடமில்லை.

அவளுடைய அப்பா நண்பர் ஒருவரிடமிருந்து பழைய 10/22 கார்பைன் ஒன்றை வாங்கிவந்தார். திறந்த குறி, ஐந்து பவுண்டு எடை, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ட்ரிகர். மூன்று சனிக்கிழமையாக அது எங்கள் பின்னறை வைஸில் இருக்கிறது. பி.எக்ஸ். ட்ரிகர் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அது இரண்டரையிலும் வரலாம், மூன்றிலும் வரலாம். பரிசோதனை மேஜையில் மூன்று பவுண்டு எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குவார்கள், எடை மேலே எழாமல் சுத்தி விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். ஆகவே இருக்கும் சுத்தியையும் சியரையும் கல்லில் தேய்த்து, மூன்றேகால் பவுண்டில் நிறுத்தப்போகிறோம். கோணம் மாறாமல் கல்லைப் பிடிக்க அவளுக்கு இப்போது வருகிறது.

“அங்கிள், இதோட முதுகுல ஓட்டை இல்லையே, எப்படிக் க்ளீன் பண்றது?” என்று போன வாரம் கேட்டாள். பெரியவர் காலமாகிவிட்டார். துளை பேரலின் அச்சில் விழுவதற்காக அவர் கடைந்து வைத்த எஃகு ஜிக் கிளப் அலமாரியில் இருக்கிறது. பேரலைக் கழற்றி, அந்த இடத்தில் ஜிக்கைச் சொருகி, வி கட்டையின் இரண்டு திருகாணியால் இறுக்கி, அதன் வழியாக முதலில் சின்ன டிரில், பிறகு கால் அங்குல டிரில் என்று விட வேண்டும். அலுமினியம் என்பதால் வேகம் குறைவாக, மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டே. வரும் சனிக்கிழமை அவள் போடட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.